சைக்கிள் ஹேண்டில் ஆட்டம்: கவனிக்க வேண்டியவை

டெலிவரிக்கு மொபெட் வந்துவிட்ட பிறகும், பக்கத்துத் தெருக்களுக்கு அரிசி மூட்டையும் 15 கிலோ எண்ணெய் டின்னும் சைக்கிளிலேயே அனுப்பும் கடைகள் நம்மிடையே உண்டு. காற்று, செயின், பிரேக் ஆகியவற்றைப் பார்க்கிறோம். ஹேண்டிலுக்குக் கீழே உள்ள பால்ரஸ் செட்டை மட்டும் மறந்துவிடுகிறோம்.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். "அண்ணாச்சி, ஹேண்டில் நேராவே பிடிச்சு நிக்குது, திருப்ப வரமாட்டேங்குது" என்றார் டெலிவரிக்குப் போகும் தம்பி. வேலைக்குச் சாக்குச் சொல்கிறார் என்று நாங்கள் எண்ணிவிட்டோம். அடுத்த வாரம் மூட்டையோடு விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். செட்டைக் கழற்றிப் பார்த்தால், கீழ்க் கிண்ணம் முழுவதும் வரிசையாகச் சிறு பள்ளங்கள்.

காரணம் எளியது. சக்கரத்துக் குண்டுகள் ஓயாமல் உருளும். ஹேண்டில் குண்டுகளோ, நேராகப் போகும் நேரமெல்லாம் ஒரே இடத்தில் நின்று அடி வாங்கும். செட் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சுத்தியல் அடி போல விழும். பள்ளம் விழுந்த கிண்ணத்தை எப்படி முடுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே ஆட்டம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிரேக் கட்டையும் ஆடும் என்பதால், கீழ்க் கிண்ணத்தின் இடுக்கில் விரலை வைத்துப் பார்ப்பது நல்லது. பிறகு பாரைப் பிடித்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில் தானாக இரு பக்கமும் சாய வேண்டும். வழியில் நின்றால் இறுக்கம் அதிகம். சரியாக நடுவில் வந்து நின்றால் பள்ளம்.

ஆட்டம் கண்டதும் மேல் நட்டை மட்டும் பலமாக முறுக்குவதுதான் பலர் செய்யும் தவறு. அது பூட்டு நட். அளவை வைப்பது அதன் அடியில் மரையில் ஏறி நிற்கும் கிண்ணம். பூட்டு நட்டைத் தளர்த்தி, அடிக் கிண்ணத்தைக் கையால் ஆட்டம் போகும் வரை திருகி, ஒரு மயிரிழை பின்வாங்கி, ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டை முறுக்க வேண்டும். பூட்டு இறுகும்போது கிண்ணத்தையும் சற்றே அழுத்தும். அதற்காகத்தான் இந்தப் பின்வாங்கல். முறுக்கிய பிறகு இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய நேரிடும். மெக்கானிக்கை அவசரப்படுத்த வேண்டாம்.

புது செட் போடும்போது கிண்ணங்கள் சாயாமல், இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். வெறும் சுத்தியலால் ஒரு பக்கமாக அடித்தால் சாய்ந்துவிடும். மரக்கட்டை வைத்துச் சீராக இறக்கச் சொல்லுங்கள். பழைய குண்டுகளை எண்ணி, அதே அளவில் அதே எண்ணிக்கை போட்டு, கிரீஸ் தாராளமாக வைக்க வேண்டும். புது செட் சில நாள் லோடு ஏறிய பின் உள்ளே படிந்து கொஞ்சம் தளரும். ஒரு வாரத்தில் மறுபடி கடைக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்குங்கள்.