இருளில் வரும் செய்தி
புயற்கால மின்தடையும் கிராம அலுவலரும்: மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

புயற்காலத்தில் மின்சாரம் தடைப்பட்ட ஓர் ஊருக்குச் செய்தி எவ்வாறு சென்றடைகின்றது என்னும் வினா, பொறியியலாளருக்கும் நிருவாகிகளுக்கும் உரியதென்றே இதுவரை ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. தமிழில் எழுதும் சமூக ஆய்வாளர்கள் இதன்பாற் செலுத்திய கவனம் மிகக் குறைவு. ஆயினும், யார் யாருக்கு எந்த மொழியில், எந்த அதிகாரத்தோடு செய்தி சொல்கின்றார் என்பது முற்றிலும் சமூகவியல் சார்ந்த வினாவாகும். மாத்தளை மாவட்டத்தை உதாரணமாகக் கொண்டு அவ்வினாவை இங்கு அணுக முற்படுகின்றோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலில் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர்ச்சேதத்தின் பெரும்பகுதி கடற்கரையில் நிகழவில்லை. மத்திய மலைநாட்டின் சரிவுகளிலேயே நிகழ்ந்தது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு மலைப்பகுதியிலுள்ள கம்மடுவையில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. மலைச்சரிவுகள் பெயர்ந்தன, பாதைகள் அறுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. சில மணி நேரத்துள் தொலைபேசிகளும் ஓய்ந்தன.

தொலைபேசி ஓய்ந்த முறை சற்று விளக்கத்துக்குரியது. கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்கள் மின்சாரத்தில் இயங்குவன. மின்தடை ஏற்பட்டதும் அவற்றின் மின்கலங்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதன்பின் மின்பிறப்பாக்கி வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். டீசலைக் கொண்டு செல்லப் பாதை வேண்டும். மலைப்பாங்கான மாவட்டத்தில் மரம் விழுந்து பாதை மறிக்கப்படுவதும், அதே மரம் மின்கம்பியை அறுப்பதும், மின்சார சபையின் பழுதுபார்க்கும் குழு அப்பாதையில் வரமுடியாமல் நிற்பதும் ஒரே நிகழ்வின் மூன்று கூறுகளாகும். இணையம், தொலைக்காட்சி, குறுஞ்செய்தி, அழைப்பிலக்கம் ஆகிய யாவும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதை அன்றாட வாழ்வில் நாம் உணர்வதில்லை. மின்தடையை அறிவிக்க 1987, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என இலக்கங்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. அழைப்பதற்குத் தொலைபேசி உயிரோடிருத்தல் வேண்டும் என்பதே அவ்வேற்பாட்டின் சொல்லப்படாத நிபந்தனை.

இதிலொரு முரண் உண்டு. மாத்தளை மின்சாரத்தை நுகரும் மாவட்டம் மாத்திரமன்று, அதைப் பிறப்பிக்கும் மாவட்டமுமாகும். பொல்கொல்லையில் திசைதிருப்பப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழியாக வந்து விழும் உக்குவளை மின்நிலையம் 1976இலும், போவத்தென்ன மின்நிலையம் 1981இலும் இயங்கத் தொடங்கின. அண்மைக்கால மொறகஹகந்தையும் இம்மாவட்டத்ததே. ஆனால் நீர்மின்சாரம் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. அது தேசியக் கட்டமைப்பினுட் சென்று, அங்கிருந்து கம்பிவழியே திரும்பி வரவேண்டும். கம்பி அறுந்தால், சுழலிக்கு அருகில் வாழ்பவனும் குப்பி விளக்கையே தேடுவான்.

இத்தகைய நிலையில் செய்தி பழைய வழிக்கே திரும்புகின்றது. அதாவது, ஒருவர் நடந்து வந்து சொல்லுதல். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின்னர் உருவான ஒழுங்கில், எச்சரிக்கை கொழும்பிலிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும், அதிலிருந்து கிராம அலுவலருக்கும் இறங்குகின்றது. மாத்தளையில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 545 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. மேலுள்ள படிகள் யாவும் காகிதத்தாலும் கம்பியாலும் இணைந்தவை. கடைசிப் படி மாத்திரம் மனிதக் காலால் இணைந்தது.

கிராம அலுவலர் என்னும் பதவியின் வரலாற்றை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். கண்டி இராச்சியக் காலத்திலிருந்து கோறளைகளும் அவற்றின் தலைமைக்காரரும் மலைநாட்டு நிருவாகத்தின் அடிப்படையாயிருந்தனர். அம்பன்கங்கை கோறளை என்ற பிரதேசப் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. குடியேற்றவாத அரசு அத்தலைமைக்காரரைத் தன் கீழ்ப்படியாக்கிக்கொண்டது. அரச கட்டளையைப் பறையறைந்து ஊருக்குச் சொல்லும் வழக்கம் சிங்களக் கிராமத்திலும் தமிழ்க் கிராமத்திலும் ஒத்திருந்தது. 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தார். பரம்பரைச் செல்வாக்கினிடத்தில் போட்டிப் பரீட்சை வந்ததென்ற அளவில் இதை முற்போக்கான மாற்றமெனலாம். ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் முதியோர் இன்னமும் அவரை விதானையார் என்றே அழைப்பர். பதவியின் பெயர் மாறினாலும் ஊரார் அவரிடம் எதிர்பார்ப்பது பெரிதும் மாறவில்லை போலும்.

ஆனால் இவ்வரலாறு கிராமத்தின் வரலாறு. தோட்டத்தின் வரலாறு வேறு.

மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பிக்காலத் தொழிலாளர் கிராமத் தலைமைக்காரரின் ஆட்சிக்குள் வரவில்லை; துரையின் ஆட்சிக்குள் வந்தனர். அவர்களுக்கான செய்தி கங்காணி வாயிலாகவும் கணக்கப்பிள்ளை வாயிலாகவும் வந்தது. விடியற்காலைப் பெரட்டுத் தப்பே அவர்களது அரசமுரசு. பெரட்டுக் களமே அறிவித்தற் பலகை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் குடிகளல்லர் எனத் தள்ளிவைத்தபோது, உள்ளூராட்சியும் அவர்களைத் தள்ளிவைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் தோட்ட எல்லை நிருவாக எல்லையாகவே நீடித்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இலேயே. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு சட்டப்பிரிவு லயத்துக்குச் செல்லும் பாதையை மறித்துக் கிடந்தது என்பதைப் புயலைப் பற்றிப் பேசுகையிற் சொல்வது பொருத்தமற்றதென்று நாம் கருதவில்லை. அனர்த்தத்தின்போது அந்தப் பாதையிலேயே ஒருவர் நடந்து வரவேண்டியுள்ளது.

இனி மொழி. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாத்தளை மாவட்ட மக்கள் ஏறத்தாழ நாலு இலட்சத்து எண்பத்து நாலாயிரம் பேர். அவர்களுள் மலையகத் தமிழர், இலங்கைத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரை ஒருங்கே நோக்கின் ஐந்திலொரு பங்கினர் எனலாம். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கீழ்நிலை நிருவாகம் இம்மாவட்டத்திற் பெரிதும் ஒரு மொழியில் நடந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தமும் 1988இன் பதினாறாம் திருத்தமும் தமிழை அரசகரும மொழியாகவும் நிருவாக மொழியாகவும் ஏற்றன. சட்டம் ஏற்றுக்கொண்டது, எழுதுவினைஞர் மேசை ஏற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கின்றது. டித்வா புயலின்போதும் அரச எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவை பிந்தி வந்தன என்னும் குற்றச்சாட்டுப் பொதுவெளியில் எழுந்தது. மண்சரிவு எச்சரிக்கை சில மணி நேரம் பிந்துவது, வேறெந்தச் சுற்றறிக்கையும் பிந்துவதைப் போன்றதன்று.

மொழிபெயர்ப்புக் கிடைத்தாலும் பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. எச்சரிக்கைகளின் தமிழ் பெரும்பாலும் அலுவலகத் தமிழ். ‘தாழமுக்கம்’, ‘முன்னெச்சரிக்கை மட்டம்’, ‘வெளியேற்றல்’ ஆகிய சொற்கள் கலைச்சொல்லாக்கத்தின் வெற்றிகளே. அவற்றை ஆக்கியோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் மழையில் நனைந்தபடி லயத்தின் வாசலில் நிற்பவர், “மலை இறங்கக்கூடும், இப்போதே கோயிலுக்குப் போய்விடுங்கள், ஆச்சியையும் தூக்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும். எழுத்துப் பரீட்சையில் இரண்டாம் மொழிச் சித்தி பெற்ற அலுவலர் எல்லோராலும் இது இயலுமென எதிர்பார்ப்பதற்கில்லை. அவ்விடத்தில் ஒரு தோட்ட இளைஞனோ, முன்பள்ளி ஆசிரியையோ, கோயிற் பரிபாலன சபையினரோ அலுவலரின் நாவாகின்றனர். இவர்களை முன்னரே இனங்கண்டு வைத்திருக்கும் அலுவலரே புயலில் பயன்படுவார்.

அவர் சொல்லவேண்டிய செய்திதான் யாது? மின்சாரம் எப்போது வரும் என்பதே ஊராரின் முதல் வினா. உண்மையில் அவ்வினாவுக்கு விடை சொல்லத்தக்கவர் அலுவலருமல்லர். சிலவேளை மின்சார சபைப் பொறியியலாளரும் அல்லர். பெருவழிக் கம்பி சீராகாமற் கிளைக்கம்பியைத் திருத்திப் பயனில்லை. வைத்தியசாலையும் நீர்வழங்கலும் முதலிற் கவனிக்கப்படும். மலைக்கோடியிலுள்ள லயம் இறுதியில் வரும். இவ்வொழுங்கை ஒளிக்காமற் சொல்லிவிடுவதே ஒரு செய்தி. காரணந் தெரிந்த காத்திருப்பு வேறு, காரணந் தெரியாத காத்திருப்பு வேறு. “இன்று வராது, நாளை மாலை ஐந்து மணிக்கு இதே இடத்தில் மீண்டும் சொல்கின்றேன்” என்று கூறி, மறுநாள் ஐந்து மணிக்குப் புதுச்செய்தி எதுவுமில்லாதபோதும் வந்து நிற்கும் அலுவலர், வதந்தியின் வாயை அடைக்கின்றார். இருளில் வதந்தி விரைந்து நடக்கும். அணை உடைந்தது என்ற ஒரு சொல் போதும், ஆற்றோரக் கிராமமொன்று நள்ளிரவில் எழுந்தோட. மொறகஹகந்தைக்கும் போவத்தென்னவுக்கும் கீழே வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது செய்தி உயிர்காப்பது. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லையென்று எண்ணலாகாது. இருள் சூழ்ந்திருப்பது கம்பி இறந்துவிட்டதற்குச் சான்றாகாது. ஒரு பக்கம் திருத்தப்பட்டு மின்சாரம் மீளும்போதோ, கடையொன்றில் முறையின்றி இணைக்கப்பட்ட மின்பிறப்பாக்கியிலிருந்தோ அக்கம்பி திடீரென உயிர்பெறலாம். கொழுந்து மலையில் ஈரப்பற்றைகளுக்கிடையே கிடக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாது. ஆதலால், புயலுக்கு மறுநாட்காலை மலைக்குச் செல்லும் பெண்களுக்கு இச்செய்தி பெரட்டுக் களத்திலேயே சொல்லப்படவேண்டும். அங்கு அதைச் சொல்லும் பொறுப்பு அரச அலுவலருடையதா, தோட்ட நிருவாகத்தினதா என்னும் வழக்கு நெடுநாள் வழக்கு.

மூன்றாவது மழை பற்றியது. இதிலே அலுவலர் கொழும்பை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்கு எளிய அளவுகளை வகுத்துள்ளது: இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையெனின் விழிப்பு, 100 எனின் ஆயத்தம், 150ஐத் தாண்டின் வெளியேற்றம். சாதாரண மழைமானி மின்சாரமின்றி இயங்குவது. எண்களை வாசிக்கத் தெரிந்த எவரும் அதைப் பார்க்கலாம். கம்மடுவையிற் பெய்த மழை வெளியேற்ற அளவின் மூன்று மடங்கைத் தாண்டியது. தொலைபேசி ஓய்ந்த பின்னரும் அந்தப் போத்தல் பேசிக்கொண்டிருந்திருக்கும். ஒவ்வொரு லயத்தொகுதியிலும் ஒரு மழைமானியும் அதை வாசிக்கும் ஒருவரும் என்பது பெருஞ்செலவான கோரிக்கையன்று.

ஏனைய நாடுகளின் அனுபவம் இதற்குச் சான்று தரும். 1970ஆம் ஆண்டுச் சூறாவளியில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரை இழந்த நிலம் இன்றைய வங்காளதேசம். அங்கு 1972 முதல் இயங்கும் புயல் ஆயத்தத் திட்டம், கொடி, கைச்சங்கு, ஒலிபெருக்கிக் குழல் ஆகியவற்றை ஏந்திய உள்ளூர்த் தொண்டர்களை நம்பியது. பிற்காலத்தில் பெண்களும் பெருந்தொகையாக அதிற் சேர்க்கப்பட்டனர். பெண்ணொருத்தி வந்து சொன்னாலன்றி வீட்டைவிட்டு இறங்காத பெண்கள் இருந்தமையே அதற்குக் காரணம். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவக் கிராமத்தில் 2004 திசெம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசிச் செய்தியை ஊர் ஒலிபெருக்கி மூலம் அறிவித்து மக்கள் கரையினின்று அகற்றப்பட்டனர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அது. கடல்நிலை, மீன்வளம் பற்றி நாள்தோறும் அதே குரலைக் கேட்டுப் பழகியிருந்தமையால் ஊரார் அதனை நம்பினர் என்று கருத இடமுண்டு.

பழகிய குரல் என்ற இவ்விடயமே மாத்தளைக்கு மிக வேண்டுவது. கிராம அலுவலர் தோட்ட மக்களுக்கு எப்போது அறிமுகமாகின்றார்? அடையாள அட்டைக்கும் வாக்காளர் இடாப்புக்கும் வதிவிடச் சான்றிதழுக்கும் அவரைத் தேடிச் செல்லும்போது. அங்கு அவர் கேட்பவர், மக்கள் நிரூபிப்பவர்கள். இந்த உறவிலிருந்து ஒரே இரவில் செய்தி சொல்பவர், கேட்போர் என்னும் உறவு பிறந்துவிடாது.

முகவரிப் பிரச்சினையும் இதனோடு தொடர்புடையது. லய அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே பல நூறு குடும்பங்களின் முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிச் செல்லும் வழக்கம் இன்றும் பல இடங்களில் உண்டு. வெளியேற்றக் கட்டளையோடு இரவில் வரும் அலுவலரின் கையிலுள்ள பட்டியலில் வீட்டிலக்கம் இல்லை. எந்த அறையில் படுத்த படுக்கையான முதியவர் இருக்கின்றார், எந்த அறையில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கின்றாள் என்பதை அப்பட்டியல் சொல்லாது. அது தெரிந்தவர்கள் அடுத்த அறையில் இருக்கின்றார்கள். மின்தடை இரவில் அவர்களது கதவையே முதலில் தட்டவேண்டும்.