திருமணிமுத்தாற்று நுரை யார் வாசலில் ஒதுங்குகிறது?

மழை பெய்தால் ஊர் மகிழ வேண்டும். ஆனால் சேலத்தில் திருமணிமுத்தாற்றின் கரையில் குடியிருப்பவர்களுக்கு மழை என்றாலே கவலை. இரவில் நல்ல மழை அடித்தால், விடிந்து பார்க்கும்போது ஆற்றில் தண்ணீர் தெரியாது, வெள்ளை நுரைதான் தெரியும். தரைப்பாலத்தின் மேல் ஏறி, காற்றில் பறந்து, வீட்டு வாசல் வரைக்கும் வரும். மழை வெள்ளத்தோடு வெள்ளமாகச் சாயக்கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோர மக்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் புகார்.

சேர்வராயன் மலையில் பிறக்கிற ஆறு இது. சுகவனேசுவரர் கோயில் பக்கமாக நகருக்குள் வந்து, செவ்வாய்ப்பேட்டை, குகை பகுதிகளை ஒட்டிப் போகிறது. பிறகு கொண்டலாம்பட்டி, உத்தமசோழபுரம் கடந்து நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைகிறது. பரமத்திவேலூர் அருகே நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலக்கிறது. அதாவது செவ்வாய்ப்பேட்டையில் விழும் கழிவு செவ்வாய்ப்பேட்டையோடு நிற்பதில்லை.

எங்கிருந்து வருகிறது?

முதல் கழிவு நம் எல்லோருடையதும்தான். நகரத்தின் வீட்டுச் சாக்கடையும் கழிவறைத் தண்ணீரும் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகள் வழியாக ஆற்றில் இறங்குகின்றன. அடுத்தது சாயப்பட்டறைகள். சாயத் தண்ணீரில் நிறம் மட்டும் இல்லை, உப்பும் காரமும் சேர்ந்தே வருகின்றன. கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்தில், வெள்ளியைச் சுத்தம் செய்து மெருகேற்றும்போது அமிலக் கழிவு வருகிறது. ஊர்ப்புறத்தில் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கை அரைத்துக் கழுவிய மாவுத் தண்ணீர் புளித்து நாறும். அது ஓடையில் விழுந்தால் மற்ற உயிர்களுக்குக் காற்றே மிஞ்சாது.

இவை ஊருக்கு வேலை கொடுக்கும் தொழில்கள். நம் ஆட்களும் இங்கேதான் கூலிக்குப் போகிறார்கள். பட்டறையை மூடு என்பது நம் பேச்சல்ல. கழிவைச் சுத்தம் செய்யும் செலவை லாபம் பார்ப்பவர் ஏற்க வேண்டும், அதை ஆற்றங்கரைக் காலனியின் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் பேச்சு. இது நாம் புதிதாகச் சொல்வதும் அல்ல. வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே ஏற்றது. நொய்யல் வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்ற நிலை அதன் பிறகே வந்தது.

அளவு என்ன சொல்கிறது?

மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்த கழிவை நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதன் அளவுதான் 'பி.ஓ.டி.'. கழிவு கூடினால் இந்த அளவும் கூடும். அப்போது நுண்ணுயிர்களே ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். குளிக்கத் தகுந்த ஆற்றில் ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் பி.ஓ.டி. இருக்கக் கூடாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசுபட்டவை என்று பட்டியலிட்டது. அதில் 30 மில்லிகிராமைத் தாண்டியவை முதல் வரிசையில் வரும். திருமணிமுத்தாறு அந்த வரிசையில் இருந்தது. சரபங்காவும் வசிஷ்ட நதியும் கூடவே இருந்தன. மூன்றும் சேலம் மாவட்டத்து ஆறுகள்.

யார் தலையில் விழுகிறது?

ஆறு கெட்டால் எல்லோருக்கும் கெடுதி என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு கெடுதி இல்லை. மேட்டில் வீடும், ஆழத்தில் சொந்தப் போர்வெல்லும், கேன் தண்ணீர் வாங்கக் காசும் உள்ளவர் தப்பித்துக்கொள்வார். நம் மக்களின் குடியிருப்புகள் பல ஊர்களில் ஓடைக் கரையிலும் பள்ளத்திலும் இருப்பது தற்செயல் அல்ல. ஊர் ஒதுக்கிவைத்த இடம் அது. கழிவுத் தண்ணீர் பாயும் வயலில் இறங்கி நாற்று நடுவதும் களை எடுப்பதும் நம் பெண்கள். காலில் அரிப்பும் புண்ணும் அவர்களுக்கு. அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் இறங்கச் சொல்வதும் நம் ஆட்களைத்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. சாக்கடையில் இறங்கி உயிர்விட்டால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. சட்டம் வந்த பிறகும் சாவுச் செய்தி வருகிறது.

1927-இல் அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளியது, தண்ணீரைத் தொடும் உரிமைக்காக. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. தொடும் உரிமை கிடைத்தால் போதாது, தொடும் தண்ணீர் சுத்தமாகவும் இருக்க வேண்டும். மாசில்லாத தண்ணீர் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

நாம் செய்யக்கூடியது

ஆற்று நீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறிப்பிட்ட இடங்களில் எடுத்துச் சோதிக்கிறது. எந்தெந்த இடம், எந்த நாள், முடிவு என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். நம் காலனியின் அடிபம்பும் போர்வெல்லும் எப்போது சோதிக்கப்பட்டன என்றும் சேர்த்துக் கேட்போம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நாமே தண்ணீரைக் கொடுத்தும் சோதிக்கலாம். போர்வெல்லைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்ப வேண்டும். இடம், நாள், நேரம் எழுதி ஒட்டி அன்றே கொண்டுபோக வேண்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் பாட்டிலையே வாங்கிக்கொள்ள வேண்டும். அதை அலசக் கூடாது.

முடிவு வந்ததும் மூன்றைப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்திலும் 2000-ஐத் தாண்டக் கூடாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டினால் பல்லில் கறை படியும், நாளடைவில் எலும்பையும் பாதிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உப்பும் நைட்ரேட்டும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அவை கூடவே செய்யும்.

நுரை வரும் நாளில் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கும் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு மார்ச் 22, தண்ணீர் நாளன்று கிராம சபை உண்டு. காலனித் தண்ணீரின் சோதனை முடிவை அங்கே வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் அதையே கேட்கலாம்.

ஒருவர் கேட்டால் மனு. காலனியே கையெழுத்துப் போட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த மழைக்கு முன்னால் நம் தெருப் போர்வெல்லின் சோதனைத் தாள் நம் கையில் இருக்கட்டும்.