ஆறு கம்பியா, நாலு கம்பியா?

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, மகள் கிட்டார் கேட்டு அடம் பிடிக்கிறாள், வாங்கிக் கொடுத்தால் நாலே நாளில் பரணுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். இதே வழக்கு எங்கள் வீட்டில் போன வருஷம் ஆறு மாதம் நடந்தது. எங்கள் வழக்கில் சிக்கல் கொஞ்சம் அதிகம். என் மகள் கேட்டது பேஸ் கிட்டார்.

இரண்டும் ஒன்றுதானே என்று சிலர் கேட்பீர்கள். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. பேஸுக்கு நாலு கம்பி, அதுவும் தடித் தடியாக. கிட்டாரின் தடித்த நாலு கம்பிக்கும் பேஸின் நாலு கம்பிக்கும் ஸ்வரம் ஒன்றேதான். ஆனால் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே பேசும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து 'இளைய நிலா' பாட்டைக் கேளுங்கள். ஆரம்பத்தில் வரும் கிட்டார் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடியில் கும்மென்று ஒன்று நடந்துகொண்டே இருக்கும் பாருங்கள், அதுதான் பேஸ். தம்புரா மாதிரி ஒரே இடத்தில் நிற்காது. பாட்டுக்குக் கீழேயே தனி வழி போட்டு நடந்து போகும்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அதுவரை இது வேணும் என்று வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. தீபாவளிக்குத் துணிகூட நான் எடுத்ததைத்தான் போட்டுக்கொள்வாள். அப்படிப்பட்ட பிள்ளை முதல்முதலாக ஒன்று கேட்கிறது. என்னிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம் பதினெட்டாயிரம். பழைய கிரைண்டரை மாற்றலாம் என்று வைத்திருந்தேன். வாங்கி மூன்று மாதத்தில் அவள் விட்டுவிட்டால் பணம் போவது ஒரு பக்கம். "அன்னிக்கு வாங்கிக் குடுத்தது என்னாச்சு?" என்று அடுத்த பத்து வருஷத்துக்கு இந்த வீட்டில் அவள் எதையும் கேட்க முடியாது. எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

வீட்டில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. என் மாமியார், "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்தத் தடி? வீணை கத்துக்கிட்டா ஆகாதா?" என்றார். என் கணவர் கணக்கு ஆள். "ரெண்டு கம்பி கொறச்சல், விலை மட்டும் ஜாஸ்தியா?" என்று கேட்டார். பாட்டு வகுப்பு நடத்தும் மாஸ்டர் ஒருவரிடம் போனோம். "முதல்ல கிட்டார் கத்துக்கட்டும். கிட்டார் வராதவங்கதான் பேஸுக்குப் போவாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிள்ளை முகம் சுருங்கிப் போச்சு.

பிறகு எங்கள் பின் தெருவில் இருக்கும் ஒரு அண்ணன் நினைவு வந்தது. இருபது வருஷமாக மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறவர். அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதிலே சொல்லவில்லை. "தங்கச்சி, ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது. பிள்ளையை வாசிக்கச் சொல்லாதீங்க, என்ன பண்றான்னு மட்டும் பாருங்க" என்றார். இப்படி ஒரு ஆள் கிடைத்தது என் பாக்கியம்.

கிட்டார் வந்த வாரம். முதல் மூன்று நாளும் விரல் நுனி சிவந்து எரிச்சல். எஃகுக் கம்பி இருக்கிற கிட்டாரில் யாருக்குமே அப்படித்தான். சில வாரத்தில் நுனி காய்த்துப் போனால் வலி நின்றுவிடும். நைலான் கம்பி கிட்டார் என்றால் வலி குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் தோது. கிட்டாரில் மூன்று நாலு ஸ்வரத்தைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிக்க வைக்க வேண்டும், கார்ட்ஸ் என்கிறார்கள். இரண்டு மூன்று கார்ட்ஸ் வந்துவிட்டால் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வாசித்துவிடலாம். அந்தச் சந்தோஷம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து மொத்தக் கம்பியையும் அமுக்கும் ஒரு பிடி இருக்கிறது. நிறையப் பேர் கிட்டாரை மூட்டை கட்டுவது அந்த இடத்தில்தானாம்.

பேஸ் வந்த வாரம் வேறு கதை. ஒரு நேரத்தில் ஒரு கம்பி, ஒரு ஸ்வரம். அதனால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டாரில் முதல் கட்டையின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பேஸில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். கம்பியின் நீளமே 34 அங்குலம் வருகிறது. இவள் விரல் நாலையும் விரித்தால் தீப்பெட்டியைத் தாண்டாது! எட்டவே இல்லை. அண்ணன்தான் 30 அங்குலத்தில் குட்டை பேஸ் உண்டு என்று சொன்னார். எடையும் கனம், நாலு கிலோ வரை வரும். பட்டையான தோள்வார் இல்லாவிட்டால் தோள்பட்டை வலிக்கும்.

இத்தனைக்கும் நடுவில் நான் கவனித்தது ஒன்று. கிட்டார் இருந்த வாரம் நான் "எடுத்து வாசிடி" என்றால் எடுத்தாள். பேஸ் இருந்த வாரம் "சாப்பிட வாடி" என்று மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பாத்திரம் துடைக்கும்போது இவள் பாட்டு முனகுவாள். பாட்டின் மெட்டை முனக மாட்டாள், அடியில் போகும் டும்-டுடும்-ஐத்தான் முனகுவாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். சுருதி சேரவில்லை என்று மாமியார் கேலி செய்வார். பிள்ளையின் காது எங்கே போகிறது என்பது அதிலேயே இருந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையையும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு என்ன முனகுகிறது என்று கேட்டுப் பாருங்கள். மெட்டையே முனகி, கூடவே வாய்விட்டுப் பாடவும் செய்தால், கண்ணை மூடிக்கொண்டு கிட்டார் வாங்கலாம்.

கிட்டார் கற்றுக்கொண்டுதான் பேஸுக்குப் போக வேண்டும் என்பதை அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவரே நேராக பேஸில் ஆரம்பித்தவர். வலது கை வேலையே வேறு என்கிறார். கிட்டாரில் வருடுகிறோம். பேஸில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்க வேண்டும், தாளம் தப்பவே கூடாது. கிட்டார் தெரிந்தால் உதவி, தெரியாவிட்டால் குறையில்லை. கிட்டார் வராதவர்களுக்குத்தான் பேஸ் என்ற பேச்சு எவ்வளவு தப்பு என்று காட்ட, அலைபேசியில் பாட்டைப் போட்டு பேஸை மட்டும் கூடவே வாசித்தார், நடுவில் நிறுத்தினார். சாம்பாரில் பருப்பை எடுத்துவிட்டு வெறும் புளித்தண்ணியை ஊற்றின மாதிரி ஆகிவிட்டது.

பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்ற மாமியார் கேள்விக்கும் அவரிடமே பதில் இருந்தது. அமெரிக்காவில் கரோல் கே என்று ஒரு அம்மா, 1935-ல் பிறந்தவர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கிட்டார் வாசித்துச் சம்பாதித்தவர். 1963-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பாட்டுப் பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போக, இவர் எடுத்து வாசித்தார். அதன்பிறகு அந்த ஊரில் பேஸ் என்றால் இவரைத்தான் கூப்பிட்டார்களாம். மற்றவர்கள் கற்றுக்கொள்ளப் பாடப் புத்தகமும் எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், நம் மும்பையில் 1996-ல் பிறந்த மோகினி டே, அப்பாவிடம் சின்னப் பிள்ளையாகவே பேஸ் கற்று, ஏ.ஆர். ரஹ்மான் மேடைகளில் வாசித்திருக்கிறார். வீடியோவை மாமியாரிடம் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "கை வலிக்காதாடி அந்தப் பிள்ளைக்கு?" என்று மட்டும் கேட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி செலவு. சகோதரிக்கு இதுதான் முக்கியம். சாதாரணக் கிட்டார் ஆறாயிரம் என்று கடையில் சொன்னார்கள். அதை வாங்கினால் அப்படியே உட்கார்ந்து வாசிக்கலாம், கரண்ட் வேண்டாம். மின்சார பேஸ் தனியாக ஒலிக்காது. கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும். ஆம்ப் கட்டாயம் வேண்டும். நாங்கள் அண்ணன் மூலமாகக் குட்டை பேஸ் ஒன்று செகண்ட் ஹேண்டில் ஒன்பதாயிரத்துக்கும், சின்ன பேஸ் ஆம்ப் ஐயாயிரத்து ஐநூறுக்கும் வாங்கினோம். வீட்டு டிவி ஸ்பீக்கரிலோ கிட்டாருக்கான சின்ன ஆம்பிலோ மாட்டிச் சத்தமாக வைக்காதீர்கள். அந்த அடிக்கு உள்ளே இருக்கும் கோன் கிழிந்துவிடும். ஹெட்போன் மாட்டும் வசதி இருக்கிற ஆம்பாக வாங்கினால் பக்கத்து வீட்டுச் சண்டை மிச்சம். கம்பி மாற்றுவதும் பேஸுக்கு மூன்று நாலு மடங்கு செலவு. ஆனால் நீண்ட நாள் உழைக்கும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் அண்ணன் பார்த்த மாதிரி பாருங்கள். தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு கட்டையிலும் அமுக்கி, கரகரப்பு வருகிறதா என்று கேட்டார். ஒயரைச் சொருகி ஆட்டினார். இந்த மூன்றிலும் கோளாறு என்றால் விலை குறைவாகச் சொன்னாலும் வேண்டாம்.

பேஸில் ஒரு கஷ்டம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. போன தை மாதம் என் நாத்தனார் வந்திருந்தபோது, "எங்கே, அத்தைக்கு ஒரு பாட்டு வாசி" என்றார். இவள் கஷ்டப்பட்டுக் கற்ற பாட்டை முழுசாக வாசித்தாள். வாசித்து முடித்தபின், "சரி, பாட்டை எப்போ வாசிப்பே?" என்று கேட்டுவிட்டார்! கூடப் பாடவும் தட்டவும் ஆள் இல்லாவிட்டால் பேஸ் பாதி ஊமை. அன்று ராத்திரி இவள் பெட்டியைத் திறக்கவேயில்லை. மறுநாள் நான் அடுப்படியில் இருந்தபடியே அந்தப் பாட்டைப் பாட, இவள் வாசலில் உட்கார்ந்து வாசித்தாள். என் குரல் சுமார்தான். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? தனியாக அறையில் உட்கார்ந்து வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு பேஸ் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கூட நாலு பேர் கிடைக்கிற இடம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பேஸ்காரர் எங்குமே கிடைப்பதில்லையாம், கிட்டார்காரர் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பள்ளி ஆண்டு விழாவில் கிட்டார் வாசிக்க ஐந்து பிள்ளைகள் பேர் கொடுத்து, இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள். பேஸுக்கு இவள் ஒருத்திதான். கிரைண்டர் பழையதுதான், கல்லைக் கொத்தி வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சின்னவன் ட்ரம்ஸ் வேணும் என்கிறான். அதற்கு இந்த வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.