காணாக்கடி என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் சிலரைப் பார்த்த உடனேயே நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்துவிடும். நெற்றியில் திருநீறு, உடம்பெல்லாம் தடிப்பு, வீங்கிய உதடு. மதியம் வீட்டில் மீனோ இறாலோ சமைத்திருப்பார்கள். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் அரிப்பு தொடங்கியிருக்கும். செட்டியார்பட்டியிலிருந்தும் தளவாய்புரத்திலிருந்தும் ராஜபாளையம் அரசு மருத்துவமனை தொலைவில் இல்லை. ஆனாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்த காணாக்கடி என்று சொல்லி வேப்பிலை அடித்து, வெற்றிலையில் மிளகு வைத்து மென்று, மெடிக்கலில் "அலர்ஜிக்கு ஒரு செட்" வாங்கி விழுங்கி, எதுவும் கேட்காமல் மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு ஆட்டோ பிடிக்கிறார்கள். இதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

தடிப்பு தானாக அடங்கும், மூச்சு அடங்காது

வெறும் தடிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகவே மறையும். மந்திரித்தாலும் மறையும், மந்திரிக்காவிட்டாலும் மறையும். அதனால்தான் ஊரில் மந்திரிப்பவருக்கு இவ்வளவு நல்ல பெயர். ஆனால் குரல் கம்முவது, தொண்டை இறுகுவது, நெஞ்சில் விசில் சத்தம், அடுத்தடுத்து வாந்தி, கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்துவிட்டாலும் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடைத் தசையில் போடும் ஊசி அது. நிமிடங்களில் வேலை செய்யும்.

மெடிக்கல் செட்டில் இருப்பது அரிப்பைக் குறைக்கும் மாத்திரையும், பல நேரம் ஒரு ஸ்டீராய்டும். முதலாவது அடைபட்ட தொண்டையைத் திறக்காது, இறங்கிய ரத்த அழுத்தத்தையும் ஏற்றாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். இரண்டும் சேர்ந்து அரிப்பை அடக்கி, "சரியாகிவிட்டது" என்று நம்பவைத்துவிடுகின்றன. சீட்டில்லாமல் இதை விற்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு, கேட்டு வாங்குபவர்கள் மீதும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தலை சுற்றுகிறவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்கவிடாதீர்கள். வாயில் கஷாயம் ஊற்றாதீர்கள். ஊசி போட்டதும் சிலர் வீட்டுக்குப் போகத் துடிக்கிறார்கள். சில மணி நேரம் கழித்து அதே பாதிப்பு திரும்பி வரலாம் என்பதால்தான் இருக்கச் சொல்கிறோம்.

ஒரே சட்டி மீன், நாலு பேருக்கும் சிவப்பு

மீன் சாப்பிட்டு வருவதெல்லாம் ஒவ்வாமை அல்ல. நம் பக்கம் கடல் இல்லை. தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனைத்தான் நம்பியிருக்கிறோம். வழியில் ஐஸ் குறைந்தால் சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களில் கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. முகம் சிவந்து எரியும், தலை வலிக்கும், வாயில் காரம் போலச் சுரீர் என்றிருக்கும். ஒரே குழம்பைச் சாப்பிட்ட பலருக்கும் ஒன்றாக வந்தால் சந்தேகம் மீனின் மேல்தான் போக வேண்டும். இப்படி ஒருமுறை வந்ததற்காக ஆயுளுக்கும் மீனை ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மீன் ஆகாமல் இல்லை, அன்று வாங்கியது கெட்டுப்போன மீன்.

பால்கோவாவும் வயிற்று உப்புசமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் பாலைச் சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர்தான் போகிறது, பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. குழந்தைப் பருவம் தாண்டினால் அதைச் செரிக்கும் நொதி நம்மில் பலருக்குக் குறைந்துபோகும். 1981இல் வெளியான ஓர் ஆய்வில் திருவனந்தபுரம், புதுச்சேரியில் சோதித்தவர்களில் 66.6 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது, டெல்லியில் 27.4 சதவீதம்தான்.

இது நோய் அல்ல. அளவு மீறினால் வயிறு உப்பும், இரையும், பேதியாகும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தில்லை. இந்தக் குறை உள்ளவர்களிலும் பலருக்கு டீயில் ஊற்றும் பால் ஒன்றும் செய்யாது. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்ளாமல் "கேஸ் டிரபுள்" என்று மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்குகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கிய அந்த மாத்திரையால் லாக்டோஸ் செரிக்காது.

தொக்கம் எடுக்காதீர்கள்

என்னை மிகவும் வருத்துவது கைக்குழந்தைகளின் நிலை. பால் மாவோ பசும்பாலோ கொடுக்க ஆரம்பித்ததும் குழந்தை கக்குகிறது, மலத்தில் சளியும் ரத்தமும் போகிறது, கன்னத்தில் சொறி. உடனே உணவு உள்ளே சிக்கிக்கொண்டது, தொக்கம் விழுந்திருக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வயிற்றை அமுக்கியும், குழாய் வைத்து உறிஞ்சியும் எடுத்ததாகச் சோற்றுப் பருக்கையைக் காட்டுகிறார்கள். சோறே ஊட்டாத குழந்தையின் வயிற்றில் பருக்கை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். ஆட்டுப்பாலுக்கு மாற்றினால் போதும் என்பதும் தவறு. இரண்டின் புரதங்களும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், பசும்பால் ஆகாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. தெருவில் கறந்து சங்கில் ஊற்றும் கழுதைப்பால் கிருமிகளைத்தான் கொண்டுவரும். தாய்ப்பாலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவிடாதீர்கள். தாயின் சாப்பாட்டில் எதைக் குறைப்பது என்று குழந்தைகள் மருத்துவர் சொல்லட்டும்.

கத்திரிக்காய் மேல் பழி

தினமும் தடிப்பு வந்து ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் உணவு காரணமாக இருப்பது அபூர்வம். ஆனால் நம் வீடுகளில் தோல் அரிப்பைத் தூண்டும் "கரப்பான் பண்டம்" என்று கத்திரிக்காய், கருவாடு, முட்டை, நிலக்கடலை என ஒவ்வொன்றாக நிறுத்திக் கடைசியில் ரசம் சோறு மட்டும் மிஞ்சும். கத்திரிக்காய் ஆகாதவர்கள் உண்டுதான், ஆனால் ஊர் நம்புகிற அளவுக்கு இல்லை. தையல் மிஷினிலும் மில்லிலும் நாளெல்லாம் வேலை செய்து, முதுகு வலிக்குப் போட்ட மாத்திரையால் தடிப்பு வந்தவர்களும் கத்திரிக்காயைத்தான் திட்டுகிறார்கள். என்ன மாத்திரை போட்டீர்கள் என்று நான் கேட்கும் வரை அதைச் சொல்வதில்லை.

கோதுமையை விட்டவர்களும் பெருகிவிட்டார்கள். கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோயின் எதிர்ப்பணுக்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும்தான் இருப்பதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ராத்திரி ஷிப்ட் முடித்து நாலு எண்ணெய்ப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு வயிறு கனத்தால் அது சீலியாக் ஆகிவிடாது.

பரிசோதனை

என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்பதுதான் முதல் பரிசோதனை. தோல் சோதனை, ஐஜிஇ என்ற எதிர்ப்பணுவைத் தேடும் ரத்தச் சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான். நூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் முடிவு சொல்லும் ஐஜிஜி பேக்கேஜில் பணத்தைக் கொட்டாதீர்கள். அது நீங்கள் சாப்பிட்டதைக் காட்டும், ஆகாததைக் காட்டாது. ஐஜிஇ சோதனையையும் தனியாக நம்ப முடியாது. பெங்களூரு, மைசூரு பகுதியில் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் 26.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு உணவுக்கு எதிர்ப்பணு இருந்தது. உண்மையான ஒவ்வாமை இருக்கலாம் என்று தோன்றியது 1.2 சதவீதம் பேருக்கே.

கெஞ்சிக் கேட்கிறேன்

ஒரு நோட்டில் சாப்பிட்டதையும் வந்த தொந்தரவையும் நேரத்தோடு எழுதி வாருங்கள், மாத்திரைப் பட்டையையும் கொண்டுவாருங்கள். ஒருமுறை மூச்சு முட்டிய உணவைக் கொஞ்சமாகத் தின்று பார்க்கலாம் என்று வீட்டில் சோதிக்காதீர்கள், அந்த வேலையை மருத்துவமனையில் மட்டுமே செய்யலாம். பாக்கெட் உணவில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, கோதுமை இருந்தால் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தயவுசெய்து திருப்பிப் படியுங்கள். கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் கார வகைகளில் அந்த விவரம் இருக்காது, என்ன மாவு, என்ன எண்ணெய் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

குழந்தைக்கு முட்டை ஆகாது என்றால் சத்துணவு அமைப்பாளரிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. குழந்தை தானாகச் சொல்லிக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்தால் அதுவும் கை நீட்டும்.