பேக் நிற்கும் பையன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடிப் பக்கம் பையன்கள் பந்து ஆடும் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரு சண்டை காதில் விழும். "நான் ஃபார்வர்டு." "நானும் ஃபார்வர்டு." "டேய், எல்லாரும் முன்னாடி போயிட்டா பேக் யாருடா?" கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசியில் லேட்டாக வந்தவனோ, தெருவுக்குப் புதுசாகக் குடிவந்தவனோ, எதிர்த்துப் பேசத் தெரியாதவனோ பின்னால் போய் நிற்பான். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்களில் நிலைமை இன்னும் மோசம். ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு ஆட வந்தவன், கோல் அடிக்காமல் எதற்குப் பின்னால் நிற்கப்போகிறான்?

இப்படி யாருக்கும் வேண்டாத இடத்தில் நின்றே உலகக் கால்பந்தின் உச்சிக்குப் போன ஒருவர் ஸ்காட்லாந்தின் ஆண்டி ராபர்ட்சன். லிவர்பூல் அணியில் அவர் அணிந்தது 26ஆம் எண் சட்டை; இடது ஓரம், லெஃப்ட் பேக். இந்தப் பக்கத்துப் பையன்களின் முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ, சலா என்று பெயர்கள் இருக்கும். ராபர்ட்சன் பெயரைப் போட்டுக்கொண்டு வருபவன் அபூர்வம். ஆனால் இவர்களுடைய வாழ்க்கைக்குப் பக்கத்தில் வருகிற கதை அவருடையதுதான்.

1994 மார்ச் 11 அன்று கிளாஸ்கோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே செல்டிக் கிளப்பின் பயிற்சி அணியில் இடம் கிடைத்தது. 15 வயதானபோது, ஆள் சின்னதாக இருக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். (இதே செல்டிக்தான் 1936இல் கல்கத்தாவிலிருந்து போன முகமது சலீமை வெறுங்காலோடு ஆடவிட்டு, கிளாஸ்கோக்காரர்களை வாய்பிளக்க வைத்தது. யாரை எடுப்பது, யாரைக் கழிப்பது என்பதில் பெரிய கிளப்புகளின் கணக்கு எப்போதும் ஒரு புதிர்தான்.)

கழித்துவிடப்பட்ட பையன் போய்ச் சேர்ந்த இடம் குயின்ஸ் பார்க். 1867இல் தொடங்கப்பட்ட, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப். அப்போது அது நான்காம் பிரிவில் கிடந்தது. அதைவிட முக்கியம், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவதில்லை என்று பிடிவாதமாக இருந்த கிளப் அது. 2019இல்தான் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. இன்னொரு விசித்திரமும் உண்டு. நாட்டின் தேசிய மைதானமான ஹாம்ப்டன் பார்க் அந்தக் கிளப்புக்குச் சொந்தமாக இருந்தது. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கில் சில நூறு பேர் மட்டும் உட்கார்ந்து நான்காம் பிரிவு ஆட்டத்தைப் பார்ப்பார்கள். நேரு ஸ்டேடியத்தில் தெருப் பையன்களின் மேட்ச் நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

சம்பளம் இல்லாததால் வேலை தேட வேண்டியிருந்தது. அதே ஹாம்ப்டன் பார்க்கில் டிக்கெட் கேட்டு வரும் போன்களை எடுத்துப் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. 2012 ஆகஸ்டில், 18 வயதில், கையில் காசில்லாத வாழ்க்கை கொடுமையாக இருக்கிறது, வேலை வேண்டும் என்று ட்விட்டரில் புலம்பி ஒரு வரி போட்டார். அவர் பெரிய ஆளான பிறகு ரசிகர்கள் அதைத் தோண்டி எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள்.

அந்த ஒரு சீசன் முழுக்க குயின்ஸ் பார்க்கின் இடது ஓரத்தில் ஓடினார். 2013இல் முதல் பிரிவில் இருந்த டண்டீ யுனைடெட் அழைத்துக்கொண்டது. அடுத்த மார்ச்சில் போலந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து தேசிய அணிக்காக இறங்கினார். ஜூலையில் இங்கிலாந்தின் ஹல் சிட்டி 28.5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. வேலை வேண்டும் என்று எழுதிய நாளிலிருந்து இது வரைக்கும் கணக்குப் பார்த்தால் இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை.

இதைத் திறமையின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பாதிப் பங்கு ஏணிக்குப் போக வேண்டும். மேல் படியில் தள்ளிவிடப்பட்டவன் தரையில் விழாமல் நடுவில் ஒரு படி அவனைத் தாங்கிக்கொண்டது. மக்கள்தொகை சுமார் 55 லட்சம்தான் உள்ள நாட்டில் நான்கு பிரிவு லீக், அதற்கும் கீழே வட்டார லீக்குகள் என்று படிகள் இருந்தன.

சென்னையிலும் அப்படி ஒரு படி உண்டு. அதற்குப் பெயர் ஆபீஸ் டீம். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போனால் அம்பத்தூர், வில்லிவாக்கம் தாண்டிப் பெரம்பூர் வருவதற்குள் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வட்டாரத்தைக் கடப்பீர்கள். 1955இல் தொடங்கிய அந்த ஐ.சி.எஃப்.புக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. தெற்கு ரயில்வேக்கு உண்டு. இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரைக்கும் போய் ஆடியது. காலையில் பிராக்டிஸ், பிறகு ஆபீஸ், சாயங்காலம் சீனியர் டிவிஷன் மேட்ச். பந்து ஆடத் தெரிந்த பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசு வேலை என்பது அந்தக் குடும்பத்துக்கே விடிவு. சென்னை லீக்கில் பெயர் வாங்கிய பல பேக்குகள் இப்படிப் பகலில் ஃபைலும் மாலையில் பந்துமாக வாழ்ந்தவர்கள். ஹாம்ப்டனில் போன் எடுத்துக்கொண்டே ஆடிய ராபர்ட்சனின் முதல் வருடமும் ஏறக்குறைய இதுதான். வித்தியாசம், அவருக்கு அது நடுப்படி. இங்கே பலருக்கு அதுவே கடைசிப் படியாகிவிட்டது. அந்த வேலைகளும் இப்போது முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை.

ஹல் சிட்டியில் மூன்று வருடத்தில் ஒருமுறை கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, ஏறி, மறுபடியும் இறங்கினார். மூழ்கும் கப்பலில் இருந்தவரை 2017 ஜூலையில் லிவர்பூல் 80 லட்சம் பவுண்டுக்கு எடுத்தது. அந்தச் சந்தையில் அது சில்லறைக் காசு. வந்த புதிதில் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். லெஃப்ட் பேக்காக ஆடிய ஆல்பெர்டோ மொரேனோவுக்கு டிசம்பரில் காலில் அடிபட்டது. அந்த இடத்துக்கு வந்தவர் பல வருடங்களுக்கு அதை விட்டுக்கொடுக்கவில்லை.

2018 ஜனவரி 14, ஆன்ஃபீல்ட் மைதானம், எதிரே மான்செஸ்டர் சிட்டி. லிவர்பூல் முன்னிலையில் இருந்த நேரம். சாதாரணமாக ஒரு பேக் என்ன செய்வான்? பின்னால் போய்த் தன் இடத்தில் நிற்பான். ராபர்ட்சன் முன்னால் பாய்ந்தார். பந்து வைத்திருந்தவனை நோக்கி ஓடினார். அவன் அடுத்தவனுக்குத் தட்டினான், அவனிடம் ஓடினார். அவன் பின்னால் தட்டினான், அங்கேயும் ஓடினார். இப்படி ஆள் மாற்றி ஆள் துரத்திக்கொண்டே தன் இடது ஓரத்தை விட்டு வெகுதூரம் போய், எதிரணி கோல்கீப்பர் எடர்சன் வரைக்கும் போய்விட்டார். கடைசியில் கிடைத்தது என்னவோ ஒரு ஃபவுல்தான். ஆனால் அரங்கமே எழுந்து நின்று கத்தியது. லிவர்பூல் 4-3 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தில் ஏழு கோல்களுக்கு நடுவே ஒரு லெஃப்ட் பேக்கின் ஓட்டத்தை ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பேக் என்றால் பந்து வந்தால் தூக்கி வெளியே அடிப்பவன் என்றுதான் நம் மைதானங்களில் இன்னும் நினைப்பு. இப்போதைய ஆட்டத்தில் ஓரத்து பேக்கின் வேலை இரட்டை வேலை. தன் பக்கம் வரும் விங்கரை மடக்க வேண்டும். பந்து தன் அணியிடம் வந்த உடனே முன்னால் போகும் தன் விங்கரையும் தாண்டி ஓடி, எதிரணியின் கார்னர் வரைக்கும் போய் க்ராஸ் போட வேண்டும். பந்து பறிபோனால் வந்த வழியே திரும்ப ஓட வேண்டும். கரும்புச் சாறு மெஷினில் விட்ட கரும்பு மாதிரி, தொண்ணூறு நிமிடமும் போவதும் வருவதுமாகப் பிழிந்தெடுத்துவிடும். 2018-19 பிரீமியர் லீக்கில் ராபர்ட்சன் 11 கோல்களுக்கு வழி அமைத்தார். வலது ஓரத்தில் ஆடிய டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் 12. இரண்டு பேக்குகள் சேர்ந்து 23.

அந்த சீசன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவிடம் முதல் ஆட்டத்தில் 0-3 என்று தோற்றிருந்தார்கள். ஆன்ஃபீல்டில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் முதல் பாதியிலேயே ராபர்ட்சனுக்குக் காலில் உதை விழுந்து, இடைவேளையோடு வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அவருக்குப் பதில் இறங்கிய வைனால்டம் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்தார். லிவர்பூல் 4-0. அணியின் சரித்திரத்திலேயே பெரிய இரவின் பின்பாதியில் ராபர்ட்சன் களத்தில் இல்லை. மாட்ரிட்டில் நடந்த இறுதியாட்டத்தில் முழுசாக ஆடிக் கோப்பையைத் தூக்கினார். அடுத்த வருடம், முப்பது வருடக் காத்திருப்புக்குப் பிறகு, லீக் பட்டமும் வந்தது.

தமிழ்நாட்டிலும் பேக்குகள் பெயர் வாங்கிய இரண்டு நாட்கள் உண்டு. இரண்டும் கோல் அடித்ததால் வந்த பெயர். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில் சுனில் சேத்ரி முதலில் கோல் போட்டுவிட, சென்னையின் எஃப்.சி.யின் பிரேசில் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி ஆட்டத்தைத் திருப்பினார். 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி ஐ-லீக்கை ஜெயித்த கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட கௌரவ் போரா, கோலைத் தடுப்பதற்காக அணியில் இருந்தவர். அந்த இரண்டு சீசன்களிலும் இவர்கள் தடுத்த பந்துகளின் எண்ணிக்கை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ராபர்ட்சன் பாதையின் ஒரு கிளை சென்னை வரைக்கும் நீண்டது. லிவர்பூல் நகரில் பிறந்து, டண்டீ யுனைடெட்டின் தலைவராக இருந்த ஸ்டாப்பர் ரயன் எட்வர்ட்ஸ் 2023இல் சென்னையின் எஃப்.சி.க்கு வந்து தலைவரானார். முன்பு இங்கிலாந்தின் பிளிமத் அணியில் இருந்தபோது புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் களத்துக்குத் திரும்பியவர் அவர். பயிற்சியாளர் ஓவன் காயில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். முன்வரிசையில் ஸ்காட்லாந்துக்காரர் கானர் ஷீல்ட்ஸ். அந்த சீசனில் நான்கு வருடத்துக்குப் பிறகு அணி பிளே ஆஃப் போனது. ஆவடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, பெரியமேடு நேரு ஸ்டேடியம் வரை நடந்தால் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் ஸ்காட்லாந்துக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது.

ராபர்ட்சன் 2018இல் ஸ்காட்லாந்து அணியின் தலைவரானார். அங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். நாட்டின் இரண்டு சிறந்த ஆட்டக்காரர்கள் என்று பேசப்பட்ட ராபர்ட்சன், கீரன் டியர்னி இருவருமே லெஃப்ட் பேக். கல்யாண வீட்டில் இரண்டு மாப்பிள்ளை மாதிரி. பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க், பின்னால் மூன்று பேரை நிறுத்தும் அமைப்பைப் பிடித்து இருவருக்கும் இடம் கண்டுபிடித்தார். 1998க்குப் பிறகு பெரிய போட்டி எதையும் பார்க்காத ஆண்கள் அணி, யூரோ 2020க்கும் 2024க்கும் போனது. உலகக் கோப்பை மட்டும் மிச்சமிருந்தது.

2025 கோடையில் லிவர்பூல் ஹங்கேரியின் மிலோஷ் கெர்கெஸை வாங்கியது. லெஃப்ட் பேக்தான். மொரேனோ உட்கார்ந்த பெஞ்சில் அந்த சீசனில் ராபர்ட்சன்.

அந்த நவம்பர் 18 இரவு, நம் கணக்கில் 19 அதிகாலை ஒன்றே கால், ஹாம்ப்டன் பார்க்கில் டென்மார்க்குடன் ஆட்டம். ஜெயித்தால் உலகக் கோப்பைக்குப் போகலாம். மூன்றாவது நிமிடத்தில் ஸ்காட்லாந்தின் மெக்டொமினே பல்டியடித்து ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் பெனால்டி பகுதிக்குள் ஃபவுல் செய்து, டென்மார்க் சமன் செய்ய வழி விட்டவர் ராபர்ட்சன். 2-1, 2-2 என்று ஆட்டம் ஏறி இறங்கியது. தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் தூரத்திலிருந்து வளைத்து அடித்து 3-2 ஆக்கியவர் அதே டியர்னி. கடைசி நிமிடத்தில் மெக்லீன் நடுக்கோட்டருகிலிருந்தே நான்காவதைப் போட்டார்.

மைதானமே ஆடிக்கொண்டிருந்தபோது பேட்டிக்கு வந்த ராபர்ட்சன், பகல் முழுக்கத் தன் அறையில் உடைந்துபோயிருந்ததை மற்றவர்களிடம் மறைத்ததாகச் சொன்னார். நான்கு மாதம் முன்பு கார் விபத்தில் இறந்துபோன லிவர்பூல் தோழர் டியோகோ ஜோடாவின் நினைவு. கத்தார் உலகக் கோப்பைக்கு ஜோடா காயத்தால் போகவில்லை, ராபர்ட்சனின் நாடு தகுதி பெறவில்லை. அடுத்ததற்கு எப்படியும் போய்விட வேண்டும் என்று இருவரும் அடிக்கடி பேசிக்கொள்வார்களாம்.