கோழி தெர்மாகோல் தின்பது ஏன்? தடுப்பது எப்படி?

கிராமத்து வீட்டில் பத்துக் கோழிகள் இருந்தால் அது ஒரு சிறு சேமிப்புக்குச் சமம். பிள்ளைகளுக்கு முட்டை, விருந்தாளி வந்தால் குழம்பு, அவசரச் செலவுக்குச் சந்தையில் விற்க ஒரு சேவல் என்று பல வகையிலும் கைகொடுப்பவை புறக்கடைக் கோழிகள். குப்பைமேட்டையும் தொழுவத்தையும் கிளறிப் புழு, பூச்சி, சிந்திய தானியம் ஆகியவற்றைத் தாமே தேடித் தின்பதால் இவற்றுக்குத் தீவனச் செலவும் குறைவு.

முன்பெல்லாம் குப்பையில் கிடந்தவை சாணம், சருகு, சாம்பல், காய்கறிக் கழிவு ஆகியவைதாம். இன்று அதே குப்பையில் தெர்மாகோல் துண்டு, பாலித்தீன் பை, ரப்பர் வளையம், நைலான் நூல், துருப்பிடித்த ஆணி, பழைய பாட்டரியின் உட்பகுதி எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. கோழி பழைய வழக்கப்படியே கிளறுகிறது. குப்பைதான் மாறிவிட்டது. நோய் எதுவும் பரவாத நேரத்தில் ஒரு கோழி மட்டும் இளைத்துக்கொண்டே போய் இறந்தால், அதன் வயிற்றில் இத்தகைய பொருள் இருந்திருக்கலாம்.

கோழி ஏன் தின்கிறது?

கோழிக்குச் சுவையறியும் ஆற்றல் குறைவு. மனிதரின் நாவில் சுவை மொட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கோழிக்கோ சில நூறு மட்டுமே. எனவே கண்ணால் பார்த்தும் அலகு நுனியால் தொட்டும்தான் அது இரையைத் தேர்ந்தெடுக்கிறது. உருண்டையாக, சிறியதாக, பளிச்சென்று தெரிவது எதுவானாலும் கொத்திப் பார்க்கும். தெர்மாகோல் உடையும்போது வெள்ளை வெள்ளையாய் மணி மணியாக உதிரும். கோழியின் கண்ணுக்கு அது சோற்றுப் பருக்கை போலவும் குருணை போலவும் தோன்றும். அலகால் கொத்தினால் மெதுவாகப் பிய்ந்து வருவதால் மேலும் மேலும் கொத்தத் தோன்றும். ஒன்று கொத்தினால் மற்றவையும் ஓடிவந்து கொத்தும்.

தீவனத்தில் புரதம், உப்பு, சுண்ணாம்பு, மணிச்சத்து ஆகியவை குறைந்தாலும் கோழிகள் கண்டதைக் கொத்தத் தொடங்கும். இறகு தின்பது, முட்டையை உடைத்துக் குடிப்பது ஆகியவையும் சில வேளைகளில் இதே குறையின் அறிகுறிகளே. இட நெருக்கடியில் வேலையின்றி அடைபட்டுக் கிடக்கும் கோழிகளிடமும் இப்பழக்கம் காணப்படும்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய இரை முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. பின்னர் செரிமான நீர் சுரக்கும் இரைப்பை வழியாக அரைவைப்பைக்குச் செல்கிறது. குழம்புக்குச் சுத்தம் செய்யும்போது மஞ்சள் தோலை உரித்து எடுக்கிறோமே, அதுவே அரைவைப்பை. கெட்டியான தசையால் ஆன இப்பை, கோழி விழுங்கிய சிறு கற்களின் உதவியால் தானியத்தைத் திரிகை போல அரைக்கிறது.

தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான். அதில் உணவுச் சத்து இல்லை. அது செரிப்பதும் இல்லை. ஓரிரு மணிகளை விழுங்கினால் பெரும்பாலும் எச்சத்தோடு வெளியேறிவிடும். அதனால் அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் தின்றால்தான் தொல்லை. பை நிறைந்துவிடுவதால் கோழி தீவனம் எடுப்பது குறையும். துண்டுகள் சேர்ந்து வழியை அடைக்கவும் கூடும்.

நைலான் நூல், சாக்குப் பிரி, பாலித்தீன் கிழிசல் ஆகியவை இதைவிட மோசமானவை. இவை தீனிப்பையில் புல்லோடு சிக்கிப் பந்தாகிவிடும். ஆணி, கம்பித்துண்டு, குண்டூசி போன்றவற்றை அரைவைப்பை அழுத்தி அரைக்கும்போது அவை சுவரைத் துளைத்துவிடும்.

ஈயம்தான் எல்லாவற்றிலும் கொடியது. பழைய பாட்டரித் தகடு, பற்றவைக்கும் ஈயம், மீன்வலைக் குண்டு, பழைய பெயிண்ட் செதில் ஆகியவற்றில் ஈயம் உண்டு. அரைவைப்பை அதைத் தேய்த்துக் கரைக்கக் கரைக்க இரத்தத்தில் கலக்கும். கோழி மெலியும், கால் தளரும், எச்சம் பச்சையாகும். கோழி பார்வைக்கு நலமாக இருக்கும்போதே முட்டையிலும் ஈயம் இறங்கும். அந்த முட்டையை உண்பவர்கள் வீட்டுக் குழந்தைகள். வளரும் குழந்தைகளின் மூளையை ஈயம் பாதிக்கும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

மெக்சிகோவில் கண்டது

மெக்சிகோ நாட்டின் காம்பெச்சி மாநிலத்தில், குப்பையை வீட்டுத் தோட்டத்திலேயே எரித்துப் புதைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் செய்யப்பட்ட ஆய்வு 2017-ல் வெளியாயிற்று. அங்கே ஒரு கிராம் மண்ணில் சராசரியாக ஒன்றுக்கும் குறைவான பிளாஸ்டிக் நுண்துகளே இருந்தது. மண்புழுவின் கழிவில் அது 15 அளவிலும், கோழி எச்சத்தில் 130 அளவிலும் இருந்தது. கோழிகளின் அரைவைப்பையிலும் துகள்கள் காணப்பட்டன. மண்ணில் உள்ளதைக் கோழி பொறுக்கிச் சேர்த்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

குப்பையை எரித்துவிட்டால் தொல்லை தீரும் என்று எண்ணக்கூடாது. பி.வி.சி. குழாய், ஒயர் உறை போன்றவை எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது சாம்பலோடு மண்ணில் படிந்து, அங்கே மேயும் கோழியின் முட்டைக் கருவில் சேரும்.

அறிகுறிகள்

மாலையில் தீனிப்பை நிறைந்திருப்பது இயல்பு. காலையில் கூண்டைத் திறக்கும்போது அது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் புடைத்து, கையால் தொட்டால் கெட்டியாகவோ மாவு போலவோ இருந்தால் அடைப்பு என்று அறியலாம். தீவனம் எடுக்காமை, எச்சம் குறைதல், நெஞ்செலும்பு துருத்துதல், முட்டை நின்றுபோதல் ஆகியவையும் அறிகுறிகளே. பல கோழிகள் ஒரே சமயத்தில் சாய்ந்தால் அது வெள்ளைக்கழிச்சல் போன்ற தொற்று நோயாகவோ நஞ்சாகவோ இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தீனிப்பை அடைப்புத் தொடக்க நிலையில் இருந்தால் தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்கலாம். அலகோரத்தில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பையை மெதுவாகப் பிசைந்துவிடலாம். கோழியைத் தலைகீழாகப் பிடித்து அமுக்கக்கூடாது. உள்ளிருப்பது மூச்சுக்குழலில் ஏறிக் கோழி இறந்துவிடும். ஒரு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவர் பையைத் திறந்து அடைப்பை நீக்கித் தைத்துவிடுவார்.

தடுக்கும் முறைகள்

1. எருக்குழி வேறு, பிளாஸ்டிக் சேரும் இடம் வேறு என்று பிரிக்க வேண்டும். தெர்மாகோல், ஒயர், பாட்டரி ஆகியவற்றை மூடியுள்ள சாக்கிலோ டின்னிலோ சேர்த்து வைத்து, குப்பை சேகரிக்க வருவோரிடம் கொடுத்துவிடலாம். இதனால் வயலுக்குப் போகும் எருவும் சுத்தமாகும்.

2. மீன் பெட்டி, டெலிவிஷன் பெட்டி ஆகியவற்றோடு வரும் தெர்மாகோலைக் கோழி நடமாடும் இடத்தில் போடக்கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தெர்மாகோல் தட்டுகளுக்குத் தடை உண்டு. விசேஷ வீடுகளில் வாழை இலையே நல்லது. வாழை இலையால் கோழிக்கும் மாட்டுக்கும் தீங்கில்லை.

3. கூண்டின் கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கத் தெர்மாகோல் வைப்பவர்கள், கோழியின் அலகு எட்டாதபடி பலகையோ தகரமோ அடித்து மறைக்க வேண்டும். தென்னங்கீற்று, பனை ஓலை வேய்ந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

4. கம்பி வலை அடித்த பின்பும், கூரை வேய்ந்த பின்பும் கீழே சிதறிய ஆணி, கம்பித்துண்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். உரமூட்டை, குருணை மருந்து, மருந்து கலந்த விதை ஆகியவற்றையும் கோழி நெருங்காத இடத்தில் வைக்க வேண்டும்.

5. குஞ்சுகளுக்கு உமி பரப்பும்போது முதல் சில நாட்கள் அதன்மேல் செய்தித்தாள் விரித்துத் தீவனம் தூவினால், அவை உமியைத் தின்னாமல் தீவனத்தை அடையாளம் கண்டுகொள்ளும்.

6. மேய்ச்சலோடு கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் கலப்புத் தீவனம் கொடுக்க வேண்டும். கம்பு அல்லது மக்காச்சோளக் குருணை 5.5 கிலோ, தவிடு 2.3 கிலோ, பூசணம் பிடிக்காத கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, உப்பில்லாத தாதுக் கலவை 200 கிராம், கறியுப்பு 30 கிராம் என்ற அளவில் கலக்கலாம். உப்பு மிகுந்தால் நஞ்சாகும் என்பதால் நிறுத்துப் போட வேண்டும். அசோலாவும் கரையானும் கிடைத்தால் கொடுக்கலாம்.

7. சராசரியாக ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராம் அளவு கால்சியம் தேவை. எனவே கிளிஞ்சல் நொறுக்கைத் தனித் தட்டில் வைக்க வேண்டும். கிளிஞ்சல் வயிற்றில் கரைந்துவிடும். அரைக்க உதவாது. அடைத்து வளர்க்கும் கோழிகளுக்குச் சிறு கற்களும் தனியே வைப்பது அவசியம்.

கடைசியாக ஒன்று. வீட்டில் கோழி அறுக்கும்போது அரைவைப்பையைப் பிளந்து கழுவுவது வீட்டுப் பெண்களே. அதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடாமல் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். தானியமும் கல்லும் மட்டும் இருந்தால் முற்றம் சுத்தமாக இருக்கிறது என்று பொருள். வெள்ளை மணியோ, நூலோ, தகடோ இருந்தால் மற்றக் கோழிகளின் வயிற்றிலும் அது இருக்கலாம். அன்றே குப்பைமேட்டைச் சுத்தம் செய்தால், மீதமுள்ள கோழிகளையும் அவற்றின் முட்டையை உண்ணும் பிள்ளைகளையும் காக்கலாம்.