உஷார்! கார்த்திகை பிறக்கிறது, ஜீப்பில் ஏறும் முன் தலைகளை எண்ணுங்கள்

விடிகாலை நாலரை மணிக்குப் போடியிலோ தேவாரத்திலோ கம்பத்திலோ தெருமுனையில் நின்று பாருங்கள். கையில் தூக்குவாளியோடு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் காத்திருப்பார்கள். ஜீப் வந்ததும் ஏறுவார்கள். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினைந்து பேர், சில நாள் அதற்கும் மேல். கடைசியில் ஏறியவர்கள் பின்பக்கக் கம்பியைப் பிடித்தபடி பாதி வெளியில் நிற்பார்கள். அப்படியே மலையேறுகிறது வண்டி. முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள்.

வருஷம் முழுக்க நடப்பதுதானே என்று விட்டுவிடாதீர்கள். வரும் இரண்டு மாதம் வேறு மாதிரி. மலையில் காய் எடுப்பு மும்முரம், ஆள் தேவை கூடும், ஜீப்காரர்கள் இரண்டாவது டிரிப்புக்குப் பறப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் போடிமெட்டுச் சாலையில் பாறை உருளும், பனிமூட்டம் கண்ணை மறைக்கும். மூன்றாவதாக, சபரிமலை சீசன். நெரிசலைச் சமாளிக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, குமுளி வழியாக இறக்குவார்கள். மலைப்பாதைக்குப் புதியவர்கள், இரவெல்லாம் கண் விழித்து ஓட்டி வந்தவர்கள், அதே வளைவில் உங்கள் ஜீப்புக்கு எதிரிலும் பின்னாலும் வருவார்கள். 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்களின் கார் குமுளி மலைச்சாலையில் கவிழ்ந்து 8 பேர் இறந்தார்கள். அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஜீப்பின் நம்பர் பலகையைப் பாருங்கள். மஞ்சள் போர்டு என்றால் வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வண்டி. வெள்ளை போர்டு என்றால் சொந்த உபயோகத்துக்கானது. வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றிப் போய் விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வழி இருக்கிறது. மஞ்சள் போர்டிலும் அளவுக்கு மேல் ஏறியிருந்தால் சிக்கல்தான். இமாச்சலப் பிரதேசத்தில் அனுமதிக்கு மேல் ஆட்களை ஏற்றிய ஒரு பேருந்தின் விபத்து வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள். அனுமதித்த எண்ணிக்கைக்குத்தான் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு. அந்தத் தொகையைப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் பங்கிட வேண்டும். கூடுதலாக ஏறும் ஒவ்வொருவராலும் மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியதும் குறைகிறது. அக்கா, தங்கச்சி என்று இடம் விட்டு நெருங்கி உட்காரும் நம் நல்ல மனசுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

அதனால் இன்றைக்கே செய்யுங்கள். ஜீப் நம்பரையும் கங்காணி பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வீட்டில் எழுதி வையுங்கள். வேலைக்குக் கூட்டிப் போகும் வண்டியில் அடிபட்டால், சட்டப்படி முதலாளியிடம் இழப்பீடு கேட்க அந்தத் துண்டுச்சீட்டு உதவும். சாயங்காலம் இறங்கும்போது டிரைவர் நியூட்ரலில் உருட்டினால் சத்தம் போடுங்கள். கியரில் இறக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வேலை போய்விடுமே என்று ஒருத்தி பயப்படலாம். வண்டியில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து கேட்டால் எந்த டிரைவரும் கியரைப் போடுவார்.

ஆனால் ஏறாதே என்று சொன்னால் மட்டும் போதுமா? வேறு எதில் போவார்கள்? போடி ரயில் 2010 டிசம்பர் 31-ல் நின்று, அகலப்பாதையாகி, 2022-ல் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் வந்தது. மகிழ்ச்சிதான். அந்த ரயில் மதுரையைப் பார்த்துப் போகிறது. இந்தப் பெண்களோ எதிர்த்திசையில் மலையைப் பார்த்துப் போகிறவர்கள். மெட்டுக்கு அரசுப் பேருந்து உண்டு என்பார்கள். தோட்டத்து வேலை தொடங்கும் நேரத்துக்கு அது போய்ச் சேர வேண்டுமே! போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து நாலரைக்கும் ஐந்துக்கும் மெட்டு வரை பஸ், அங்கிருந்து தோட்டம் வரையிலான உள்பாதைக்கு மட்டும் ஜீப், சாயங்காலமும் அதே ஏற்பாடு வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளை அரசு டிரைவர் ஓட்டட்டும். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிப் பெண்களுக்கும் கட்டணமில்லாப் பயணம் உண்டு என்று 2024-ல் அறிவித்த அரசு, போடிமெட்டுக்கு ஏறும் பெண்களுக்கும் அதைத் தரலாம்.

கார்த்திகை முதல் தேதி மாலை போடும் கூட்டம் கிளம்பிவிடும். அதற்கு முன்னால், ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பஸ்ஸாவது விடியும் முன் மலையேற வேண்டும்.